கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை



காய்ச்சல் வந்தால் மருந்தகத்துக்குப் போகிறோம். பால் வெட்டும் கத்தி கையில் பட்டாலும் போகிறோம். ஆனால், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சீழும் கண்டால் மட்டும் வாய் திறப்பதில்லை. யாரோ சொன்ன மாத்திரையைக் கடையில் வாங்கி இரண்டு நாள் விழுங்குகிறோம். எரிச்சல் அடங்கினால் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். இது எவ்வளவு தவறான நினைப்பு என்பதை இன்று பார்ப்போம்.

வெட்டை நோய், மேகவெட்டை என்று நம் பெரியவர்கள் சொல்வதை மருத்துவர்கள் கொனோரியா என்கிறார்கள். இது உடற்சூட்டினால் வருவதன்று, கழிப்பறையினால் வருவதுமன்று. நோயுள்ளவரோடு கொள்ளும் உடலுறவினால் தொற்றும் ஒரு கிருமியே காரணம். 1879-ஆம் ஆண்டில் ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார்.

ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அறிகுறி தெரிந்துவிடும். பெண்களில் பலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் நோய் உள்ளே ஏறிக் கருக்குழாய்களைக் கெடுத்துவிடலாம். பிள்ளைப்பேறே இல்லாமல் போகலாம். நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குச் சில நாட்களிலேயே கண்கள் வீங்கிச் சீழ் வடியலாம். உடனே கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடலாம். பிள்ளை இல்லையென்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகள் உண்டு. மகனையும் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

சீழைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்நோக்கியில் பார்த்தால் கிருமிகள் காப்பிக் கொட்டைகளைப் போல் இரண்டிரண்டாகத் தெரியும். சீழ் வடியும் ஆண்களுக்கு இச்சோதனை நன்றாகவே பயன்படுகிறது. பெண்களுக்கோ ஏறக்குறைய பாதிப் பேரிடம் நோய் இருந்தும் இதில் அகப்படுவதில்லை. ஆகவேதான் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கிறார்கள்.

இதை ஒரு நாற்றங்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குப் பதிலாக, மூடியுள்ள வட்டத் தட்டில் அகர் அகர் இருக்கும். ஆம், நாம் பெருநாட்களில் பலகாரமாகச் செய்கிறோமே, அதே கடற்பாசிப் பொருள்தான்! ஜெர்மனியில் 1881-ஆம் ஆண்டுவாக்கில் கிருமி வளர்க்க இதைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் ஃபேனி ஹெஸ்ஸே என்னும் குடும்பப் பெண்மணி. உரமாக, சூடாக்கிய இரத்தத்தை அதில் கலப்பார்கள். அதன் பழுப்பு நிறத்தைக் கண்டு ‘சாக்லேட் அகர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நாற்றங்காலில் களை முளைப்பதுபோல், உடலில் இயல்பாக வாழும் வேறு கிருமிகளும் தட்டில் முளைக்கும். அவற்றை அடக்கும் மருந்துகளைச் சேர்த்த கலவையை 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த தேயர், மார்ட்டின் என்ற இருவர் வெளியிட்டார்கள். மாதிரியைத் தடவிய தட்டை நம் உடல்வெப்பம் போன்ற சூட்டில், கரியமில வாயு சற்று மிகுந்த காற்றில் வைப்பார்கள். ஒரு சாடிக்குள் மெழுகுவத்தி ஏற்றி மூடினாலே அந்த வாயு கிடைத்துவிடும். கிருமி முளைத்துத் தெரிய ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? எந்த மருந்துக்குக் கிருமி மடியும் என்று அறிவதற்கே. முளைத்த கிருமியை எடுத்து வேறொரு தட்டில் தடவி, அதன்மேல் மருந்து தோய்த்த சிறு காகித வட்டங்களை வைத்து மறுபடி வளர்ப்பார்கள். எந்த வட்டத்தைச் சுற்றி நன்றாக வெறுமையாகிறதோ அந்த மருந்து கேட்கும். ஒரு காலத்தில் பென்சிலின் ஊசியே போதுமானதாக இருந்தது. 1976-ஆம் ஆண்டில் பென்சிலினையே சிதைத்துவிடும் கிருமிகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டன. பிறகு வேறு பல மருந்துகளும் பயனற்றுப் போயின. இப்போது கிருமியின் மரபுப்பொருளைத் தேடிக் காணும் புதுச் சோதனைகள் வந்துவிட்டன. அவை நோயை இன்னும் நுட்பமாகக் காட்டும். ஆனாலும், எந்த மருந்து கேட்கும் என்பதை முழுமையாக அறிய வளர்ப்புச் சோதனை இன்றும் தேவைப்படுகிறது.

இந்தக் கிருமி மிக மென்மையானது. உலர்ந்தாலும் குளிர்ந்தாலும் மடிந்துவிடும். கடை மாத்திரையை அரைகுறையாக விழுங்கிவிட்டுப் போனால், தட்டில் ஒன்றும் முளைக்காமல் போகலாம். நோயோ உடலுக்குள் மறைந்திருக்கும். ஆகவே, மாத்திரை விழுங்குமுன் சோதனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே விழுங்கியிருந்தால் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆண்கள் மாதிரி கொடுக்குமுன் இரண்டு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருப்பது நல்லது.

மாதிரி எடுத்த அன்றே டாக்டர் ஊசி போடக்கூடும். அதோடு விட்டுவிடாமல் முடிவைக் கேட்க மறுபடி போக வேண்டும். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். கணவனுக்கு நோய் கண்டால் மனைவியும், மனைவிக்குக் கண்டால் கணவனும் சோதனைக்குப் போய் மருந்து பெற வேண்டும். இருவரும் மருந்து முடித்து ஒரு வாரம் ஆகும்வரை உடலுறவு கூடாது. ஒருவர் மட்டும் குணமானால், மற்றவரிடமிருந்து நோய் திரும்பவும் வந்துவிடும்.

நேயர்களே! யார் மீது குற்றம் என்று வீட்டில் சண்டையிடுவதால் நோய் தீராது. இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்குப் போகும் அந்த ஒரு நாளில், பிறக்கப்போகும் பிள்ளையின் கண்களையும் நாம் காப்பாற்றுகிறோம் என்பதை மறவாதிருப்போம்.