எம்.டி.எஃப்-1 எதிர்ப்பொருள்

எம்.டி.எஃப்-1 எதிர்ப்பொருள் என்பது, துத்தநாகத்தை உணரும் எம்.டி.எஃப்-1 என்ற படியெடுத்தல் காரணியைக் கண்டறிய ஆய்வகங்களில் பயன்படும் புரதமாகும். பெரும்பாலும் மனிதக் காரணியின் ஒரு துண்டை முயலுக்குச் செலுத்தி இதைப் பெறுகின்றனர்.

உயிரணுவில் துத்தநாகம் மிகும்போது இக்காரணி உட்கருவுக்குள் சென்று, தன் 6 துத்தநாக விரல்களால் டி.என்.ஏ.வைப் பற்றி, மெட்டலோதயோனின் மரபணுவை இயக்குகிறது. உருவாகும் மெட்டலோதயோனின் மிகை உலோகத்தைப் பிணைத்துவிடும். நஞ்சான காட்மியம் நுழைந்தாலும் இதே காப்பு எழுகிறது. காட்மியம் வெளியே தள்ளும் துத்தநாகமே அதற்குத் தூண்டுதல்!

ஒளிரும் சாயம் சேர்த்த எதிர்ப்பொருள், காரணி உட்கருவுக்குள் புகுவதைக் காட்டும். ஆனால் அது வேறு புரதத்திலும் ஒட்டக்கூடும். ஆகவே எம்.டி.எஃப்-1 மரபணு நீக்கிய உயிரணுக்களிலும் சோதிப்பது கட்டாயம். அங்கும் அதே ஒளி தெரிந்தால் முடிவை நம்ப முடியாது.

உவரியில் கரையேறும் மீனின் ஈரலில் இதை ஆராய விரும்பும் மாணவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன்களுக்கும் இக்காரணி உண்டு; எனினும் மனிதப் புரதத்துக்கென உருவான எதிர்ப்பொருள் மீனின் புரதத்தில் ஒட்டாமல் போகலாம்.