வியட்நாமில் அந்நிய முதலீடும் நீர்மாசும்: தி வாய் ஆறு முதல் ஹா தின் கடற்கரை வரை

திறவுச்சொற்கள்: அந்நிய நேரடி முதலீடு, மாசுப் புகலிடக் கருதுகோள், வியட்நாம், வேடான், ஃபார்மோசா, இழப்பீடு

முன்னுரை

வளர்ந்த நாடுகளில் சுற்றுச்சூழல் சட்டங்கள் கடுமையாகும்போது, மாசு மிகுந்த தொழில்கள் கட்டுப்பாடு தளர்ந்த நாடுகளை நாடிச் செல்லும் என்பது பொருளியலில் மாசுப் புகலிடக் கருதுகோள் எனப்படுகிறது. வடக்கு-தெற்கு வணிகம் குறித்துக் கோப்லண்டும் டெய்லரும் 1994இல் வெளியிட்ட கட்டுரை இவ்விவாதத்திற்கு வலுவான கோட்பாட்டு வடிவம் தந்தது. அந்நிய நிறுவனங்கள் தூய தொழில்நுட்பத்தை உடன் கொணரும் என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. மெக்சிகோ, வெனிசுவேலா, மொராக்கோ, கோட் டிவார் ஆகிய நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த எஸ்க்லேண்ட், ஹாரிசன் ஆகியோர் புகலிடக் கருதுகோளுக்கு வலுவான சான்று இல்லை என 2003இல் எழுதினர். அந்நிய ஆலைகள் ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதையும் அவர்கள் சுட்டினர்.

இவ்விவாதத்தின் பெரும்பகுதி முதலீடு ஏன் வருகிறது என்பதிலேயே நிலைகொள்கிறது. வந்த ஆலையின் கழிவுநீர்க் குழாயை யார் கண்காணிக்கிறார், தவறு கண்டபின் அதற்கு என்ன விலை வைக்கப்படுகிறது ஆகியவை பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இவ்விரண்டையும் ஆராய வியட்நாம் தகுந்த களமாகும்.

தி வாய் ஆறு

1986இல் ‘தோய் மோய்’ எனும் சீர்திருத்தத்தைத் தொடங்கிய வியட்நாம், 1987 டிசம்பரில் அந்நிய முதலீட்டுச் சட்டத்தையும் 1993இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் இயற்றியது. எனவே, சட்டம் இல்லாமையால் மாசு நேர்ந்தது எனும் விளக்கம் இந்நாட்டுக்குப் பொருந்தாது.

மோனோசோடியம் குளுட்டமேட் என்னும் சுவையூட்டியைத் தயாரிக்கும் தைவான் நிறுவனமான வேடான், தோங் நாய் மாகாணத்தில் தி வாய் ஆற்றங்கரையில் ஆலை அமைத்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரை மறைவான குழாய்கள் வழியாக அது ஆற்றில் விட்டு வந்தது 2008 செப்டம்பரில் கண்டறியப்பட்டது. அளவு மாதத்திற்கு ஒரு இலட்சம் கனமீட்டருக்கு மேல்; காலம் 1994 முதல் 14 ஆண்டுகள். அதுவரை ஆற்றின் நிறமும் நாற்றமும் கரையோர மக்களுக்கு மறைபொருளாக இருந்திருக்க இயலாது. அவர்களது அறிவு அலுவலக ஆவணமாக மாறுவதற்கு வழி இல்லாமல் இருந்தது என்பதே உண்மை.

வேடானுக்கு விதிக்கப்பட்ட நிர்வாக அபராதம் 26.75 கோடி டாங். கேட்பதற்குப் பெருந்தொகை போல் தோன்றினும், அன்றைய மாற்று விகிதத்தில் இது ஏறத்தாழ 16 ஆயிரம் அமெரிக்க டாலரே. செலுத்தாமல் விட்ட சுற்றுச்சூழல் கட்டணமாகக் கோரப்பட்டதோ 12,700 கோடி டாங். அதாவது, குற்றத்திற்கான தண்டம் கட்டண நிலுவையில் ஐந்நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. அன்றைய குற்றவியல் சட்டத்தில் தனிமனிதரை மட்டுமே குற்றவாளியாக்க இயலும்; நிறுவனங்களுக்குக் குற்றப் பொறுப்பு 2018இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தாலேயே ஏற்பட்டது. கழிவைச் சுத்திகரிப்பதைவிட அபராதம் செலுத்துவது மலிவாக இருக்கும்வரை, மறைகுழாய் ஓர் இலாபக் கணக்கே.

மூன்று நிர்வாகப் பகுதிகளின் உழவர்களும் மீன்வளர்ப்போரும் கேட்ட இழப்பீட்டைக் குறைக்க நிறுவனம் நெடுநாள் பேரம் பேசியது. வழக்குத் தொடுக்க உழவர்கள் அணியமாகினர். 2010 ஆகஸ்டில் பெரிய அங்காடிகள் வேடான் பொருள்களை விற்க மறுத்தன. அதே மாதத்தில் ஏறத்தாழ 22,000 கோடி டாங் தர நிறுவனம் இசைந்தது. அரசின் தண்டம் சாதிக்காததை நுகர்வோரின் மறுப்பு சாதித்தது என இதனைக் கொள்ளலாம். ஆயினும், அங்காடியில் விற்கும் பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் மட்டுமே இவ்வழி பலிக்கும் என்பதும் கருதத்தக்கது.

ஹா தின் கடற்கரை

எஃகு அங்காடியில் விற்கப்படுவதில்லை. தைவானின் ஃபார்மோசா குழுமம் ஹா தின் மாகாணத்தின் வுங் ஆங் பொருளாதார மண்டலத்தில் 70 ஆண்டு உரிமத்துடன், 1,000 கோடி டாலருக்கு மேற்பட்ட முதலீட்டில் எஃகு ஆலை நிறுவியது. 2006 முதல் முதலீட்டு உரிமம் வழங்கும் அதிகாரம் பெருமளவு மாகாணங்களுக்குச் சென்றிருந்தது. முதலீட்டை ஈர்க்கப் போட்டியிடும் மாகாணமே ஆலையைக் கண்காணிக்கவும் வேண்டும் என்னும் முரண் இவ்வமைப்பின் உள்ளேயே இருந்தது.

2016 ஏப்ரலில் ஹா தின், குவாங் பின், குவாங் திரி, துவா தியன் ஹுவே ஆகிய நான்கு மாகாணங்களின் 200 கி.மீ. கடற்கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின. மீனையோ எஃகையோ தேர்ந்துகொள்ளுங்கள் என்ற பொருளில் நிறுவன அலுவலர் ஒருவர் அம்மாதமே பேச, எதிர்ப்பு நாடெங்கும் பரவியது. சோதனை ஓட்டத்தின்போது வெளியேறிய ஃபீனால், சயனைடு, இரும்பு ஹைட்ராக்சைடு ஆகியவையே காரணம் என ஜூன் 30 அன்று அரசு அறிவித்தது. நிறுவனம் 50 கோடி டாலர் இழப்பீடு ஏற்றது.

விசாரணையில் வெளிப்பட்ட ஒரு செய்தி இங்கு முதன்மையானது. கோக் கரியை மந்த வாயுவால் குளிர்விக்கும் உலர்முறைக்கே ஒப்புதல் பெறப்பட்டிருந்தது. ஆனால் நீரால் குளிர்விக்கும் ஈரமுறை நிறுவப்பட்டது. ஈரமுறைக்குச் செலவு குறைவு, கழிவுநீர் மிகுதி. தூய தொழில்நுட்பம் ஒப்புதல் தாளில் வந்து சேர்ந்தது, ஆலைக்குள் வரவில்லை. ஒப்புதல் ஆவணங்களை மட்டும் தரவாகக் கொள்ளும் ஆய்வு, இவ்வாலையைத் தூய முதலீடாகவே கணக்கிட்டிருக்கும்.

இழப்பீடு நான்கு மாகாணங்களுக்கு மட்டுமே உரியதாயிற்று. வடக்கே ஒட்டியுள்ள நிகே ஆன் மாகாண மீனவர்கள் பட்டியலில் இடம்பெறவில்லை. 2017இல் அவர்கள் மனு அளிக்கப் புறப்பட்டபோது தடுக்கப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் ஆலையின் முதல் ஊதுலை இயங்கத் தொடங்கியது. 2019 ஜூனில் பாதிக்கப்பட்டோர் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முதலீட்டின் தாயகமான தைவானிலேயே வழக்குத் தொடுத்தனர். மாசு நேர்ந்த மண்ணுக்கு வெளியே அதனை விசாரிக்கும் அதிகாரம் தங்களுக்கு உண்டா என்பதே அந்நாட்டு நீதிமன்றங்கள் முதலில் எதிர்கொண்ட வினாவாக அமைந்தது.