தொண்ணூறுகளின் திரைத்தொடர்களும் நினைவேக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

1989 முதல் 2003 வரையிலான தமிழ்த் திரைப்படங்களிலிருந்து பேச்சு வழக்கில் நிலைத்த தொடர்கள் முதுசொல்லின் பணியைச் செய்கின்றன. அவற்றுள் சில காட்சியை விட்டு நீங்கி வழக்காகின்றன. சில காட்சியின் நினைவைச் சார்ந்தே வாழ்கின்றன. இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திரைத்தொடர், முதுசொல், நினைவேக்கம், நகைச்சுவை, பேச்சு வழக்கு.

முன்னுரை

திரைப்பட உரையாடல் தமிழர் பேச்சில் கலப்பது புதிதன்று. 'பராசக்தி' (1952) வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை உண்டு. 'விதி' (1984) படத்தின் நீதிமன்ற உரையாடல் ஒலிநாடாவாக ஊரெங்கும் ஒலித்தது. அவை நீண்ட வசனங்கள். அடுத்த தலைமுறையின் நினைவில் நின்றவையோ சிறு தொடர்கள். 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. பின்வந்த ஆண்டுகளில் நகைச்சுவைக் காட்சிகள் படத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பாயின. முழுப் படத்தைப் பாராதவரும் காட்சியை அறிந்தனர். இன்று '90ஸ் கிட்ஸ்' எனத் தம்மை அழைத்துக்கொள்வோரின் நினைவேக்கத்துக்கு இப்பொதுக் காட்சியறிவே அடித்தளம்.

முதுசொல்லும் திரைத்தொடரும்

தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு நுட்பம், சுருக்கம், தெளிவு, எளிமை ஆகிய இயல்புகளைக் கூறி, கருதிய பொருளை நிறுவும் காரணமாக அது வரும் என்கிறது. திரைத்தொடரும் இப்பணியையே செய்கிறது. கணக்கு ஒப்புவிக்க மழுப்புகின்றவரை நோக்கி 'கரகாட்டக்காரன்' (1989) படத்தின் வாழைப்பழத்தை நினைவூட்டினால் போதும்; வாதம் முடிந்துவிடும். ஆயினும் முதுசொல்லை முதலில் சொன்னவர் யாரென எவரும் கேட்பதில்லை. திரைத்தொடருக்கோ கவுண்டமணி, செந்தில் எனக் குரலும் முகமும் உண்டு.

காட்சி சார்ந்தவையும் சாராதவையும்

'அந்த இன்னொரு பழம்தான் இது' என்பது காட்சி சார்ந்த தொடர். இரண்டு பழம் வாங்க அனுப்பப்பட்ட செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றுடன் வந்த செய்தியை அறியாதவருக்கு அது வெறும் சொல். 'பாட்ஷா' (1995) படத்தின் 'ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி' அத்தகையதன்று. அதன் பொருள் தொடருக்குள்ளேயே உள்ளது. வினையை மாற்றிப் புதிய தொடர்களும் ஆக்கலாம். 'வின்னர்' (2003) படத்தில் வடிவேலு தலைமையேற்ற 'வருத்தப்படாத வாலிபர் சங்கம்' 2013இல் வேறொரு படத்தின் தலைப்பாயிற்று. மூலப் படத்தை அறியாதவருக்கும் அப்பெயர் பொருள் தந்தது.

நேசமணி: நினைவின் எல்லை

2019 மே மாத இறுதியில் முகநூல் பக்கமொன்று சுத்தியலின் படத்தை இட்டு, அவரவர் நாட்டில் அதன் பெயர் என்னவென்று கேட்டது. தமிழர் ஒருவர், ஒப்பந்தக்காரர் நேசமணியின் தலையை உடைத்த கருவி எனப் பதிலளித்தார். 'பிரண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு ஏற்ற பாத்திரத்தின் நலனுக்காகப் பல்லாயிரவர் ட்விட்டரில் 'வேண்டினர்'. பிறமொழியினர் நேசமணி யாரென வினவினர். அறியாதார் வியப்பே அறிந்தாரின் மகிழ்ச்சியை மிகுவித்தது.

எனவே நினைவேக்கம் உறவை வளர்ப்பதோடு எல்லையையும் வகுக்கிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியில் தமிழரும் வடமாநிலத் தொழிலாளரும் ஒரே கருவிகளைக் கையாள்கின்றனர். சுத்தியல் இருவர்க்கும் பொது. நேசமணியின் சுத்தியலைக் கண்டு நகைக்க, மொழியோடு காட்சியையும் கற்றிருக்க வேண்டும். மேலும், அக்கால நகைச்சுவையில் நிறத்தையும் உடலையும் இகழும் தொடர்கள் பல. நினைவுகூர்பவருக்கு இனிப்பது இகழப்பட்டவருக்கு அவ்வாறு இனிப்பதில்லை.

முடிவுரை

நினைவேக்கம் தொடரோடு அதன் பிறப்பிடத்தையும் காக்கிறது. அதனாலேயே அது பெயரற்ற முதுசொல்லாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. பார்த்த தலைமுறை மறைந்தபின் காட்சி சாராத் தொடர்கள் வழக்கில் தங்கக்கூடும். காட்சி சார்ந்தவை விளக்கமின்றிப் பொருளிழக்கும். ஆகவே இவற்றைத் தொகுக்கும் அகராதியாளர் தொடரோடு அதன் காட்சியையும், பயன்படும் சூழலையும், அது யாரை நகைக்கிறது என்பதையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும். விளக்கிச் சொல்லும் தலைமுறை இருக்கும்போதே அப்பணி நிகழ வேண்டும்.