லைப்ரரி படிக்கிற ஆளுக்கு சர்வர் எதுக்கு?



மோர்னிங்சைட்டில் இருந்து ஒரு மாணவி கேட்டிருந்தா: "நான் லைப்ரரி சயன்ஸ் படிக்கிறன். ஆரம்பத்திலேயே டிஎன்எஸ், எச்டிடிபி, யூனிகோட் எண்டு வருது. புத்தகங்களோட வேலை செய்யப்போற எனக்கு இதெல்லாம் எதுக்கு?" பாட்காஸ்டில் இதை இரண்டு நிமிசத்தில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் இங்கே, உண்மையான ஒரு லைப்ரரியை வைத்தே பார்ப்பம்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போனது உங்கள் அப்பா அம்மா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 2005 இல் தன்னார்வலர்கள் இணையத்தில் தொடங்கியதுதான் 'நூலகம்'. ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளை ஸ்கேன் செய்து யாரும் இலவசமாக வாசிக்க வைக்கிறார்கள். மோர்னிங்சைட் பக்கத்திலேயே இருக்கிற டொராண்டோ பல்கலைக்கழக ஸ்கார்பரோ வளாகத்தின் நூலகமும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கு.

டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய 'மல்லிகை' சஞ்சிகையின் ஓர் இதழை அங்கே திறக்கிறீர்கள் எண்டு வையுங்கோ. என்ன நடக்குது?

முதலில் ஒரு வித்தியாசம். இன்டர்நெட் என்பது ரோட்டு. கணினிகளை இணைக்கிற வலையமைப்பு. இண்டைக்கும் அது ஓடுகிற டிசிபி/ஐபி விதிகளுக்கு, அதன் முன்னோடியான ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று மாறியது. வெப் அந்த ரோட்டில் ஓடுகிற ஒரு வாகனம் மட்டும்தான். டிம் பெர்னர்ஸ்-லீ 1989 இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் அதை முன்மொழிந்தார். ஈமெயிலும் வாட்ஸ்அப் அழைப்பும் அதே ரோட்டில் போகிற வேறு வாகனங்கள்.

நீங்கள் லிங்கைத் தட்டியதும், பிரவுசருக்குத் தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். டிஎன்எஸ் அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடிக் கொடுக்கும். கேட்டலாக்கில் தலைப்பைப் பார்த்து அலுமாரி எண்ணை எடுக்கிற மாதிரி. பிறகு பிரவுசர் அந்த எண்ணில் உள்ள சர்வரிடம் எச்டிடிபி விதிப்படி "இந்தப் பக்கத்தைத் தா" எண்டு கேட்கும். பக்கம் இருந்தால் 200 என்ற குறியீட்டோடு, எச்டிஎம்எல்லில் எழுதின பக்கம் சின்னச் சின்னப் பொதிகளாக வரும். இல்லாவிட்டால் உங்களுக்கு நல்லாத் தெரிந்த 404.

லைப்ரரியனின் வேலை அந்த 404 இல்தான் தொடங்குது. வெப் முகவரி ஓர் இடத்தைத்தான் காட்டும். அங்கே என்ன புத்தகம் இருக்கு எண்டதுக்கு அது உத்தரவாதம் இல்லை. டொமைன் பெயரும் வாடகைதான். டாட் ஓர்க் பெயர் ஒன்றை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருசத்துக்குத்தான் பதியலாம். யாரோ ஒராள் புதுப்பிக்க மறந்தால், சர்வர் காசு கட்டாமல் விட்டால், தீ வைக்காமலே ஒரு லைப்ரரி காணாமல் போகும். அதனால்தான் 'நூலகம்' ஒவ்வொரு ஆவணத்துக்கும் தனி 'நூலக எண்' கொடுக்குது. முகவரி நாளைக்கு மாறினாலும், அந்த எண்ணை வைத்து இதழைத் திரும்பக் கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது எழுத்து. உங்கள் வீட்டில் பழைய கோயில் மலரோ ஊர்ச்சங்க மலரோ பாமினி ஃபொண்டில் அடித்த ஃபைலாக இருக்கக்கூடும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளைத்தான். ஃபொண்ட்தான் அதைத் தமிழ் மாதிரிக் காட்டுது. ஃபொண்ட் இல்லாத கணினியில் அது வெறும் குப்பை. 'அம்மா' எண்டு தேடினால் அகப்படாது. யூனிகோடில் அ, ம, புள்ளி, ம, ஆ-குறி ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுக்க ஒரே எண். யூடிஎஃப்-8 இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 15 பைட். கொஞ்சம் கூட இடம் பிடிக்கும், ஆனால் 50 வருசம் கழித்தும் அது 'அம்மா'வாகவே இருக்கும்.

கடைசியாக மெட்டாடேட்டா. ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு ஒரு படம் மட்டும்தான். தலைப்பு, ஆசிரியர், திகதி, மொழி, உரிமை எண்டு யாரோ எழுதி வைத்தால்தான் தேடலில் வரும். இதுக்கு 1995 இல் உருவாகத் தொடங்கிய 'டப்ளின் கோர்' என்ற தரத்தின் அடிப்படைக் கூறுகள் வெறும் 15. கேட்டலாக் அட்டை எழுதத் தெரிந்தவருக்கு இது புதுசே இல்லை.

ஆக, தங்கச்சி, புத்தகத்தைக் காப்பாற்றுறதுக்கு இப்ப அலுமாரியோடு சர்வரையும் விளங்க வேணும். இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்து பாருங்கோ. 'நூலகம்' தளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடி ஒரு பக்கத்தைத் திறந்து, லாப்டாப்பில் எஃப்12 தட்டி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து, பக்கத்தைத் திரும்ப லோட் செய்து பாருங்கோ. நான் மேலே சொன்ன எச்டிடிபி கேள்விகளும் பதில்களும் அங்கே வரிசையாக ஓடும். பிறகு வீட்டில் இருக்கிற அந்தப் பழைய மலரைத் தேடுங்கோ. ஃபைல் பாமினியா யூனிகோடா எண்டு பார்த்து எங்களுக்கு எழுதுங்கோ; மாற்றுகிற வழியை அடுத்த எபிசோடில் கதைப்பம்.