கூத்துப் பதிவுகளில் நிறத்திருத்தமும் திருத்த அடுக்கின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

களப்பணியில் எடுக்கப்படும் நிகழ்த்துகலைக் காணொலியில் நிறமும் ஓர் ஆய்வுத் தரவே. அந்நிறத்தைத் திருத்துவதற்கு இன்று பெரிதும் பயன்படுவது மூலப்பதிவைத் தொடாமல் அதன்மேல் வைக்கப்படும் திருத்த அடுக்கு. இவ்வடுக்கு எவ்வாறு இயங்குகிறது, எவ்விடத்தில் போதாமல் போகிறது, எவ்விடத்தில் தரவையே குலைக்கிறது என்பவற்றைத் தெருக்கூத்தின் இரவுப் பதிவை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிறத்திருத்தம், திருத்த அடுக்கு, தெருக்கூத்து, அரிதாரம், களஆவணம், வெண்சமநிலை.

முன்னுரை

நாட்டார் நிகழ்த்துகலைகளை ஆராய்வோர் இன்று குறிப்பேட்டுடன் காணொலிக் கருவியையும் களத்திற்குக் கொண்டு செல்கின்றனர். பாடல், உரையாடல், அடவு ஆகியவை பற்றிய விவாதங்களில் அப்பதிவுகள் சான்றாகின்றன. பாடலை எழுத்துப்பெயர்க்கும்போது ஒரு சொல் மாறினால் அதைப் பிழை எனச் சுட்டும் ஆய்வுலகம், பதிவின் நிறம் மாறினால் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கூத்திலோ வேடத்தின் முகநிறம் பாத்திரத்தை அடையாளப்படுத்தும் கூறுகளுள் ஒன்று. கதகளியில் பச்சை என்பது ஒரு வேட வகையின் பெயராகவே நிலைத்துவிட்டது. அத்தகைய கலையின் பதிவில் பச்சை நீலமாகவும் சிவப்பு செம்மஞ்சளாகவும் தெரிந்தால், ஒப்பனை பற்றி எழுதும் ஆய்வாளர் இல்லாத ஒன்றை விளக்கிக்கொண்டிருப்பார்.

ஆகவே திருத்தம் தேவை. ஆனால் திருத்தமும் ஒரு தலையீடே. மூலத்தில் இருந்தது எது, திருத்தியவர் சேர்த்தது எது என்று பின்னர் பிரித்தறிய முடியுமா என்பதே இங்கு முதன்மையான வினா. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காட்டும் பதிப்பாசிரியருக்கு இவ்வினா புதிதன்று.

திருத்த அடுக்கின் இயல்பு

மென்பொருள்களில் ‘அட்ஜஸ்ட்மென்ட் லேயர்’ எனப்படும் திருத்த அடுக்கு, முதலில் நிழற்படத் துறையில் பரவலாயிற்று. அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப் 1996ஆம் ஆண்டு வெளிவந்த தன் நான்காம் பதிப்பில் இதனை அறிமுகப்படுத்தியது. அதே நிறுவனத்தின் படத்தொகுப்பு மென்பொருளான பிரீமியர் புரோவில் இது 2012இல் வந்தது. டாவின்சி ரிசால்வ் மென்பொருள் 2019இல் வெளியான 16ஆம் பதிப்பில் ‘அட்ஜஸ்ட்மென்ட் கிளிப்’ என்னும் பெயரில் இதனைச் சேர்த்தது.

இவ்வடுக்கில் படம் எதுவும் இல்லை. படத்தொகுப்பின் காலக்கோட்டில், காட்சித்துண்டுகள் இருக்கும் தடத்திற்கு மேலுள்ள தடத்தில் இது வைக்கப்படுகிறது. தனக்குக் கீழே உள்ள எல்லாத் தடங்களும் சேர்ந்து தரும் படத்தை இது பெற்றுக்கொள்கிறது. தன்மீது ஏற்றப்பட்ட திருத்தங்களை அப்படத்திற்குச் செய்து மேலே அனுப்புகிறது. அடுக்கின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நேரத்திற்கே திருத்தம் செல்லும். அதன் பார்வையை அணைத்தால் மூலம் இருந்தபடியே தெரியும். ஒளிபுகாமையை 100 விழுக்காட்டிலிருந்து 50க்குக் குறைத்தால் திருத்திய படமும் திருத்தாத படமும் சரிபாதியாகக் கலந்து, திருத்தத்தின் வலிமை பாதியாகும்.

வசதி வெளிப்படையானது. ஒரு கூத்தை இருநூறு துண்டுகளாக வெட்டியபின் ஒவ்வொன்றிலும் ஒரே திருத்தத்தை ஒட்டி வைத்தால், பின்னர் ஒரு மதிப்பை மாற்ற இருநூறு இடங்களைத் தேட வேண்டும். அடுக்கில் வைத்தால் ஓரிடம் போதும். பாடல் வரிகளுக்கான துணையுரை இவ்வடுக்கிற்கு மேலுள்ள தடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். கீழே இருந்தால் எழுத்தின் வெண்மையும் திருத்தப்பட்டுவிடும்.

இந்த வசதியே இடர்ப்பாட்டிற்கும் காரணமாகிறது. ஓர் அடுக்கை இரவு முழுவதற்கும் நீட்டிவிட்டால் வேலை முடிந்ததுபோல் தோன்றுகிறது. உண்மையில் அவ்வாறு செய்வது, வெவ்வேறு பிழைகள் உடைய பல துண்டுகளுக்கு ஒரே விடையைத் தருவதாகும்.

வினைகளின் வரிசை

காட்சித்துண்டின்மீது நேரடியாக வைத்த திருத்தம் முதலில் நிகழும். மேலடுக்கின் திருத்தம் அதன் விளைவின்மீது நிகழும். இவ்வரிசை ஏன் பொருட்படுத்தத்தக்கது என்பதை எளிய கணக்கு காட்டும். கருமையை 0 என்றும் வெண்மையை 1 என்றும் கொள்ளலாம். 0.5 என்னும் ஒளி மதிப்பை 1.2ஆல் பெருக்கிப் பின் 0.1 கழித்தால் 0.5 கிடைக்கிறது. முதலில் கழித்துப் பின் பெருக்கினால் 0.48 கிடைக்கிறது. இரு வினைகளும் அவையே. வரிசை மாறியதால் விளைவு மாறிற்று.

இதனினும் கடுமையானது எல்லை கடக்கும் மதிப்புகளின் நிலை. 0.85, 0.9 என்னும் இரு மதிப்புகளைத் துண்டின் நிலையிலேயே 1.2ஆல் பெருக்கினால் 1.02, 1.08 என வரும். 8 பிட் அளவில் கணக்கிடும் வினையில் இரண்டுமே 1 என்னும் உச்சத்தில் வெட்டப்படும். மேலடுக்கில் மீண்டும் 1.2ஆல் வகுத்தாலும் இரண்டும் 0.83 என ஒன்றாகவே திரும்பும். நெற்றிக்கும் அதன்மேல் பூசிய வெண்புள்ளிக்கும் இருந்த வேறுபாடு அழிந்துவிடும். 32 பிட் மிதவைப் புள்ளிக் கணக்கில் இயங்கும் வினைகள் 1க்கு மேற்பட்ட மதிப்புகளையும் ஏந்திச் செல்வதால் இவ்விழப்பு தவிர்க்கப்படும். ஆனால் இடையில் ஒரு பழைய 8 பிட் வினை இருந்தாலும் அங்கே வெட்டு விழும். களப்பதிவைத் திருத்துவோர் துண்டின்மீதும் அடுக்கின்மீதும் எவ்வகை வினைகளை அடுக்குகின்றனர் என்பதை அறிந்திருக்க வேண்டுவது இதனால்தான்.

கருவியிலேயே வெட்டப்பட்டது வேறு வகை. சிவப்பு அரிதாரத்தின்மேல் அருகிலிருந்து ஆலசன் விளக்கு விழும்போது சிவப்புக் கூறு 255 என்னும் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். பச்சைக் கூறு மட்டும் தொடர்ந்து ஏறும். சிவப்பு முகம் செம்மஞ்சளாகப் பதிவாவது இவ்வாறே. பதிவாகாத சிவப்பை எந்த அடுக்கும் மீட்டுத் தருவதில்லை. ஊகித்துத்தான் சேர்க்க முடியும்.

ஓர் இரவு, பல ஒளிகள்

தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியலில் முடிவது. களத்தைச் சுற்றிக் கட்டிய விளக்குகளின் ஒளி, தெருவிளக்கின் ஒளி, விடியுமுன் வரும் நீலம் மிகுந்த வானொளி, இறுதியில் இளவெயில் என ஒரே நிகழ்வில் ஒளியின் நிறம் பலமுறை மாறுகிறது. ஆலசன் விளக்கின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 3200 கெல்வின். நண்பகல் வெளிச்சத்திற்குத் துறையினர் கொள்ளும் அளவு 5600 கெல்வின். நள்ளிரவுக் காட்சிக்குப் பொருந்தும் அடுக்கு விடியற்காட்சியை மிகுநீலமாக்கிவிடும்.

ஒளிவகை மாறும் இடங்களைக் குறித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அடுக்கை வைப்பதே இதற்குத் தக்க முறை. விளக்கொளி மெல்ல மங்கி வானொளி ஏறும் பகுதியில் இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒன்றன் ஒளிபுகாமை குறையக் குறைய மற்றதன் அளவு கூடும்படி காலப்புள்ளிகளை இடலாம். நேரடிக் கலப்பாக அமையாவிட்டாலும் கண்ணுக்கு மாற்றம் படிப்படியாகவே தெரியும்.

கருவியின் தானியங்கு வெண்சமநிலை இம்முறையையும் தோற்கடிக்கும். சிவப்பு உடை அணிந்த வேடம் சட்டகத்தை நிறைத்தால், கருவி அதனை ஒளியின் சாயல் எனத் தவறாகக் கணித்து எதிர்ச்சாயலைக் கூட்டும். வேடம் விலகியதும் பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே காட்சிக்குள் நொடிக்கு நொடி மாறும் இப்பிழையை நிலையான மதிப்புள்ள அடுக்கு நீக்காது. வெண்சமநிலையைப் பதிவின் தொடக்கத்திலேயே பூட்டி வைப்பது, மாதக்கணக்கில் மென்பொருளில் உழைப்பதைவிட மேலானது.

சோடியம் ஆவித் தெருவிளக்கு இன்னொரு தடை. அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள் பகுதியில் குவிந்திருக்கிறது. குறையழுத்த வகையில் ஏறத்தாழ முழு ஒளியும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே அமைகிறது. நீல ஒளி விழாத இடத்தில் நீல உடை தன் நிறத்தைக் காட்டாது. அங்கே நீலத்தைக் கூட்டுவது இரைச்சல் புள்ளிகளையே கூட்டும். இத்தகைய காட்சிகளை ஒப்பனை நிறத்திற்குச் சான்றாகக் கொள்ளாமல் விலக்குவதே நேர்மையான ஆய்வுமுறை.

அரிதாரமும் தோலும்

நிறத்திருத்தம் கண்ணளவால் மட்டும் செய்யத்தக்கதன்று. கணினித் திரையே பிழையாக இருக்கலாம். ஒளியளவை அலைவடிவக் காட்டியும் நிறச்சாயலை வெக்டர்ஸ்கோப்பும் காட்டுகின்றன. வெக்டர்ஸ்கோப்பில் தோல்நிறக் கோடு ஒன்று உண்டு. வெளிர்தோலோ கருந்தோலோ, சாயலளவில் மனிதத்தோல் அக்கோட்டை ஒட்டியே அமைகிறது. வேறுபடுவது பெரும்பாலும் ஒளியளவும் செறிவுமே.

அரிதாரம் பூசிய முகத்தை அக்கோட்டிற்கு இழுப்பது அக்கலையையே அழிப்பதாகும். கூத்துப் பதிவில் இக்கோட்டிற்கு ஒப்பிடத்தக்கவை மிருதங்கம் வாசிப்பவரின் கை, ஆர்மோனியக்காரரின் முகம், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பார்வையாளரின் முகம் ஆகியவை. வேட்டியை வெண்மைக்கு அளவுகோலாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. நீலம் போட்டு வெளுத்த வேட்டி நடுநிலை வெண்மை அன்று. சலவைத்தூளிலுள்ள ஒளிர்ப்பான்கள் புறஊதாக் கதிரை ஏற்று நீல ஒளியாக உமிழ்வதால் விடியலில் அது மேலும் நீலமாகத் தெரியும். அதனை நடுநிலையாக்கினால் ஏனைய நிறங்கள் எல்லாம் மஞ்சளாகும். கூத்து தொடங்குமுன்னும் ஒளி மாறும்போதும் ஒரு சாம்பல் அட்டையையோ, 1976 முதல் வழக்கிலுள்ள 24 கட்ட நிற அட்டையையோ சில நொடிகள் பதிவு செய்வது இச்சிக்கலை எளிதில் தீர்க்கும்.

ஒளியளவு குறித்த வழக்கு மேலும் ஆராயத்தக்கது. முகம் அலைவடிவக் காட்டியில் 60 முதல் 70 வரை அமைய வேண்டும் என்னும் அறிவுரை பயிற்சிநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. இது வெளிர்தோலை அளவாகக் கொண்டு பிறந்த வழக்கு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோடாக் நிறுவனத்தின் படச்சுருள்களைக் கழுவும் கூடங்களில் வெள்ளையினப் பெண்ணின் படம் கொண்ட ‘ஷெர்லி அட்டை’ நிறச் சரிபார்ப்புக்குப் பயன்பட்டதையும், அதனால் கருந்தோல் சரியாகப் பதிவாகாமற் போனதையும் லோர்னா ராத் 2009இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். அட்டை மறைந்துவிட்டது, அதன் அளவுகோல் எண்ணாக உருமாறி நிற்கிறது. கரிய முகமுடைய கலைஞரை 65க்கு உயர்த்தினால் முகம் வெளிறும். பின்னணி இருளும் சாம்பலாகி, இரவு என்னும் உணர்வே போய்விடும். முகத்தின் உள்வேறுபாடுகள் தெரியும் அளவுக்கு மட்டும் ஒளியை உயர்த்துவதே போதுமானது. திரைப்படத்தில் இது இயக்குநரின் விருப்பம் எனக் கடந்துவிடலாம். களஆவணத்தில் அவ்வாறு கடக்க இயலாது.

மரக்கட்டையில் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் உச்ச ஒளியைத் தெறிக்கும். அவை அலைவடிவக் காட்டியின் உச்சத்தைத் தொடுவது இயல்பு. அவற்றை அடக்குவதற்காக மொத்த ஒளியையும் குறைத்தால் முகம் இருளில் மூழ்கும்.

திருத்தத்தைப் பேணுதல்

பொதுவான ஒளிவகைத் திருத்தம் அடுக்கில் இருக்கட்டும். ஒரு துண்டுக்கே உரிய பிழை அத்துண்டின்மீது திருத்தப்படட்டும். அழகுக்காகச் சேர்க்கும் நிறச்சாயல், சேர்த்தே ஆக வேண்டுமெனில், தனியாக மற்றோர் அடுக்கில் இருக்கட்டும். அடுக்குகளுக்கு ‘சாம்பல் அட்டைப்படி, ஆலசன்’, ‘விடியல், வானொளி’ என்றாற்போலப் பெயரிட்டால் பின்வருவோர் எது எதற்காகச் செய்யப்பட்டது என்று அறிவர்.

இப்பிரிவினை அனைத்தும் தொகுப்புக் கோப்பில் மட்டுமே நிலைக்கும். எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்த நொடியில் எல்லா அடுக்குகளும் படப்புள்ளிகளில் கரைந்து ஒன்றாகிவிடுகின்றன. ஏற்றுமதிக் கோப்பை இணையத்தில் ஏற்றிவிட்டு, இடமில்லை என்று மூலக்கோப்புகளை அழிப்பது ஆய்வுச் சூழலில் அரிதான செயல் அன்று. அவ்வாறு அழித்தபின், மூலத்தைத் தொடாத திருத்தம் என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. தொகுப்புக் கோப்பும் குறிப்பிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்பைச் சார்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அது திறக்குமா என்பதற்கு உறுதியில்லை. ஆகவே கருவியிலிருந்து வந்த மூலக்கோப்புகளுடன் திருத்த மதிப்புகளையும் மென்பொருளைச் சாராத வடிவில் சேர்த்துவைப்பது தேவையாகிறது. ‘கியூப்’ என்னும் நிற அட்டவணைக் கோப்பு இதற்கு ஓரளவு உதவும். எந்த நிறம் எந்த நிறமாக மாறிற்று என்பதை அது வெறும் எண்வரிசையாகச் சேமிக்கிறது. எளிய உரைத்தொகுப்பானில் திறந்தும் படிக்கலாம்.

அவ்வட்டவணைக்கு இடம் தெரியாது. சட்டகத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் மறைப்பிட்டுச் செய்த திருத்தம் அதில் அடங்குவதில்லை. ஒளிபுகாமையைக் காலப்போக்கில் மாற்றியதும் அடங்குவதில்லை. கலைஞரின் முகத்தை மட்டும் ஒளியேற்றியிருந்தால், எந்த நிமிடத்தில், எப்பகுதியில், எவ்வளவு என்பதைக் களக்குறிப்புடன் எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும்.