சாட்டையாய்ச் சுழலும் இழை

தக்கிளியில் நூல் நூற்கும்போது பஞ்சை இழுத்து மெலிய வைப்பது விரல்தான். இழுப்பின் பதம் தவறினால் நூல் அறுந்துவிடும். எலக்ட்ரோஸ்பின்னிங் எனும் மின்நூற்பில் அந்த விரலின் வேலையை மின்சாரம் செய்கிறது.

கருவி எளியது. பாலிமர் கரைசல் நிரப்பிய ஒரு சிரிஞ்சு, அதில் உலோக ஊசி, எதிரே ஒரு சாண் தள்ளி உலோகத் தகடு. இரண்டுக்கும் நடுவே 10,000 முதல் 30,000 வோல்ட். ஊசிமுனையில் தேன்சொட்டுப் போல ஒரு துளி தொங்கும். மின்னழுத்தம் ஏற ஏற, அதன் மேற்பரப்பில் சேரும் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளும். உருண்டைத் துளி கூம்பாக நீளும். பிறகு கூம்பின் நுனியிலிருந்து ஒரு தாரை பீறிட்டுக் கிளம்பும். 1964-ல் இந்தக் கூம்பைக் கணக்கிட்டவர் ஜெஃப்ரி டெய்லர். அச்சுக்கும் பக்கத்துக்கும் இடையே 49.3 டிகிரி என்றார். இன்றும் அது டெய்லர் கூம்புதான்.

எனக்கு வியப்பு அடங்காத இடம் இதற்கு அடுத்தது. சிறிது தூரம் நேராகப் போகும் தாரை, திடீரென விசிறிபோல விரியும். பல இழைகளாகப் பிரிகிறது என்றே ஆய்வாளர்கள் வெகுகாலம் நினைத்தார்கள். அதிவேகக் கேமராவில் பார்த்தால் இருப்பது ஒற்றை இழை, சாட்டையைச் சுழற்றியது போல வட்டம் வட்டமாக அகன்று சுழல்கிறது! தாரை எங்காவது இம்மியளவு வளைந்தாலும் அதிலுள்ள மின்னேற்றங்கள் அந்த வளைவை மேலும் வெளியே தள்ளும். கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருக்க, இழை ஆயிரக்கணக்கான மடங்கு நீண்டு மெலியும். தகட்டில் வந்து விழும்போது தடிமன் சில நூறு நானோமீட்டர். தலைமுடியில் இருநூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுழற்சியை விளக்கியதில் அமெரிக்காவின் ஆக்ரான் பல்கலைக்கழகத்து டேரல் ரெனெக்கரின் குழுவுக்குப் பெரும் பங்குண்டு.

உத்தி பழையது, அமெரிக்கக் காப்புரிமைகள் 1902-லேயே வந்துவிட்டன. 1938-ல் சோவியத் நாட்டில் ரோசன்ப்ளூமும் பெட்ரியானோவும் இப்படி நூற்ற இழைகளை வடிகட்டியாக்கினார்கள். நூற்கும்போது ஏறிய மின்னேற்றம் இழையில் தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். மூச்சு விடவோ சிரமமில்லை. ‘லெபெஸ்டாக்’, அதாவது ‘இதழ்’ என்ற வெள்ளை முகமூடி அந்தத் துணியில் பிறந்தது. 1986-ல் செர்னோபிலைச் சுத்தம் செய்யப் போனவர்களின் முகத்தில் இருந்தது அதுதான்.

ஒரு ஊசி மணிக்கு ஒரு மில்லிலிட்டர் கரைசலை நூற்றால், பத்தில் ஒரு பங்கு பாலிமர் என்ற கணக்கில், கிடைப்பது 0.1 கிராம். இதை வைத்துத் தொழில் நடத்த முடியாது. செக் நாட்டின் லிபெரெட்ஸில் ஓல்ட்ரிச் யிர்சாக் குழு ஊசியையே விட்டுவிட்டது. கரைசலில் பாதி மூழ்கிய உருளையைச் சுழலவிட்டால், மேலே ஒட்டி வரும் படலத்திலிருந்து எண்ணற்ற கூம்புகள் தாமாக எழும்.

மருத்துவத்தில் எதிர்பார்ப்பு இன்னும் பெரிது. நம் திசுக்களில் செல்களைத் தாங்கும் கொலாஜன் இழைகளும் ஏறக்குறைய இதே தடிமன் என்பதால், செல்கள் இந்த வலையில் பற்றிப் படர்கின்றன. இழைகளை ஒரே திசையில் அடுக்கினால் நரம்புச் செல்கள் அந்த வழியே நீள்கின்றன. ஆனால் நச்சுக் கரைப்பான் மிச்சமிருந்தால் எல்லாம் வீண். அதனால் சிலர் கரைப்பான் இல்லாமல் பாலிமரை உருக்கியே நூற்கிறார்கள். பிரிஸ்பேனில் 2011-ல் பிரவுன், டால்டன், ஹட்மாகர் மூவரும் தகட்டை ஊசிக்கு நெருக்கமாக வைத்து, உருகிய தாரை சுழலத் தொடங்குமுன்பே பிடித்து, தகட்டை நகர்த்தி இழையால் கோலம் போடுவது போல வரிவரியாக அடுக்கிக் காட்டினார்கள். இழை சற்றுத் தடிமன்தான். ஆனால் நினைத்த இடத்தில் விழுகிறது.