முதுகெலும்பு தாங்கும் பாரமும் அதைக் கணக்கிடும் விதமும்

நெல் மூட்டை தூக்கிய ஆள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், மூட்டை கனம் என்று சொல்லிவிடுகிறோம். கனம் மட்டுமே காரணமன்று. மூட்டை உடலுக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

இதை அளக்கும் முறை விநோதமானது. 1891-ம் வருஷம் ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் பிரௌனே, பிஷர் என்னும் இரு அறிஞர்கள், ஒரு மனிதனின் அங்கங்களில் மின்சாரத்தால் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இரவில் நடக்கச் செய்து, நான்கு காமிராக்களால் படம் பிடித்தனர். பிரௌனே 1892-ல் காலமானார்; கணக்குகளை முடிக்கப் பிஷருக்குப் பல வருஷங்கள் சென்றன. இக்காலத்தில் ஒளியைப் பிரதிபலிக்கும் சிறு உருண்டைகளை உடலில் ஒட்டுகிறார்கள். சுற்றிலும் நிறுத்திய காமிராக்கள் வினாடிக்கு நூறு தடவையோ அதற்கு மேலோ அவற்றின் ஸ்தானத்தைக் குறிக்கின்றன. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்தால் முழங்கால் மடங்கிய கோணம் கிடைக்கும். காலடியில் பதித்த பலகை தரையின் எதிர்விசையைத் தராசுபோல் காட்டும். அவ்விசையையும், அங்கங்களின் எடையையும், வேக மாறுதலையும் கொண்டு, பாதத்தில் தொடங்கிப் படிப்படியாக மேலே சென்று, ஒவ்வொரு கீலிலும் உண்டாகும் திருப்புவிசையைக் கணக்கிடுகிறார்கள். தோல் எலும்பின்மேல் நழுவுவதால் சிறிது பிழை புகுவதுண்டு.

ஏற்றத்தின் துலாவைக் கண்டவர்களுக்கு மீதி எளிது. முதுகெலும்பின் அடிப்பகுதியே அச்சு. ஒரு புறம் மூட்டை, மறுபுறம் முதுகுத் தசை. தசையோ அச்சிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. 40 கிலோ மூட்டை 40 செ.மீ. முன்னே இருந்தால், 40-ஐ 40-ஆல் பெருக்க 1600. அதை 5-ஆல் வகுக்க 320. மூட்டைக்காக மட்டும் தசை 320 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தல் வேண்டும். குனிந்த உடலின் பாரம் வேறு. அவ்விழுப்பு முழுவதும் முதுகெலும்பின் வட்டுகளை நசுக்குகிறது. 1981-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையம், ஏறக்குறைய 350 கிலோ எடைக்குச் சமமான நசுக்குவிசையையே எச்சரிக்கை எல்லையாக வைத்தது. அதே மூட்டையை உடலோடு அணைத்து 20 செ.மீ. தூரத்தில் வைத்தால் 320 என்பது 160 ஆகும். வெடுக்கென்று தூக்கினால் இரண்டும் ஏறும்.

முழங்காலை மடக்கினால் போதும் என்று நானும் பல வருஷம் செயல்விளக்கங்களில் சொல்லி வந்தேன். அது பாதி உண்மையே. அகன்ற மூட்டை முழங்காலுக்கு முன்னே நின்றுவிட்டால் தூரம் குறைவதில்லை. மூட்டையைத் தரையில் போடாமல் இடுப்பு உயரத்தில் அடுக்கினால் குனிய வேண்டியதேயில்லை. களத்தில் அதற்கு நிலக்காரர் நாலு பலகையும் சில செங்கற்களும் தந்தால் போதும். கொள்முதல் செய்யும் இடங்களில் கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே மேடைக்கு ஏற்பாடு செய்தல் நலம்.